ரீயூனியன் தீவின் காட்சிமுனைகள்: மேகம் ஏறுவதற்குள் போய்ச் சேர ஒரு வழிகாட்டி

ரீயூனியனுக்கு முதல்முறை போகிறவர்களில் பலர் ஒரே மாதிரி கணக்குப் போடுகிறார்கள். தீவு சின்னது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எழுபது கிலோமீட்டர்கூட இல்லை, காலை உணவை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம் என்பது அந்தக் கணக்கு. மலை விளிம்புக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் ஏழு மணிக்கு நின்றவர்கள் ஆயிரம் மீட்டர் பள்ளத்தைக் கண்குளிரப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

எனவே இந்தக் கட்டுரையில் இடங்களின் பெயரைவிட நேரத்துக்குத்தான் முக்கியத்துவம். எந்தக் காட்சிமுனைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், அதற்காக முந்தைய இரவு எங்கே தங்க வேண்டும் என்ற இரண்டையும் சரியாக அமைத்துக்கொண்டால் இந்தத் தீவு தன்னிடம் உள்ளதையெல்லாம் காட்டிவிடும்.

தீவின் அமைப்பு

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டரில் இருக்கிறது ரீயூனியன். 1946 முதல் பிரான்சின் கடல் கடந்த மாவட்டம். செலவுக்கு யூரோ, பேச்சுக்கு பிரெஞ்சும், அதிலிருந்து கிளைத்த கிரெயோல் மொழியும்.

தீவு முழுவதும் இரண்டு எரிமலைகளால் ஆனது. வடமேற்கில் பித்தோன் தே நேஜ், 3,070 மீட்டர். இந்தியப் பெருங்கடலிலேயே உயரமான சிகரம் இதுதான். இது குமுறி ஓய்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் மூன்று பக்கமும் நிலம் சரிந்தும் மழை அரித்தும் உண்டான மாபெரும் வட்டப் பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றை சிர்க் என்கிறார்கள்: மாஃபாத், சிலாவோஸ், சலாசி. தென்கிழக்கில் பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. சில ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகூட வெடிக்கும். இந்தச் சிகரங்களும் சிர்க்குகளும் அவற்றைச் சூழ்ந்த செங்குத்துச் சுவர்களும் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் காட்சிமுனைகள் தாமாகவே மூன்று வகையாகப் பிரிந்துவிடும். சிர்க்கின் விளிம்பில் நின்று உள்ளே பார்ப்பவை முதல் வகை. எரிமலைப் பக்கம் இருப்பவை இரண்டாவது. கடலோரப் பாறைகள் மூன்றாவது. முதல் இரண்டும் விடிகாலைக்கு உரியவை. கடலோரத்துக்கு எந்த நேரமும் சரி.

மேகத்தின் கால அட்டவணை

இரவில் மலைச்சரிவு குளிர்கிறது. காற்று மேலிருந்து கீழே இறங்குவதால் வானம் தெளிகிறது. வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, கடலின் ஈரக்காற்றை மேலே இழுக்கிறது. அந்த ஈரம் நடு உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் சிர்க்குகளின் உள்ளே மேகம் நிறையத் தொடங்கிவிடும். பால் பொங்கி வழிவதுபோல் அது விளிம்பைத் தாண்டி வருவதைப் பார்ப்பதே ஓர் அனுபவம்தான். ஆனால் அதற்குள் நீங்கள் பார்க்க வந்ததைப் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

கிழக்குக் கரை தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றை நேராக வாங்குவதால் அங்கே மேகமும் மழையும் சீக்கிரம் வரும். மேற்குக் கரைக்கு மலையே மறைப்பு. அதனால் மேற்குப் பக்கக் காட்சிமுனைகளில் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள இடங்களில் வேறொரு வாய்ப்பும் உண்டு. கீழே ஊரெல்லாம் மூடிக் கிடக்கும்போது, நீங்கள் மேகத்துக்கு மேலே வெயிலில் நிற்கலாம். கடற்கரையில் வானம் கறுத்திருக்கிறதே என்று பயணத்தை ரத்து செய்யாதீர்கள். எரிமலைப் பகுதியைக் காட்டும் வெப்கேமராக்கள் இணையத்தில் உண்டு. விடிந்ததும் அவற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சூரிய உதயம் ஜூலையில் ஏழு மணியை ஒட்டியும், டிசம்பரில் ஐந்தரை மணியை ஒட்டியும் இருக்கும். உதயத்துக்குப் போய்ச் சேர்வதா, உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்வதா என்பது இடத்தைப் பொறுத்தது. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

மே முதல் நவம்பர் வரை வறண்ட காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று பலமாக வீசும், மேலே நல்ல குளிர். என்னைக் கேட்டால் செப்டம்பர், அக்டோபர்தான் புதியவர்களுக்கு ஏற்ற மாதங்கள். குளிர் குறைந்திருக்கும், மழை தொடங்கியிருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் தீவின் வடபகுதியைத் தாக்கியது. அப்படி ஒன்று வந்து போனால் மலைப்பாதைகளையும் சாலைகளையும் பழுதுபார்த்துத் திறப்பதற்குப் பல வாரங்கள் பிடிக்கலாம். சிவப்பு எச்சரிக்கை விட்டால் வீட்டை விட்டு வெளியே வரவே கூடாது, அது சுற்றுலாப் பயணிக்கும் பொருந்தும்.

ரீயூனியன் பிரான்சின் பகுதி என்றாலும், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பான ஷெங்கன் பரப்புக்குள் வராது. கையில் உள்ள ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். டிக்கெட் போடுவதற்கு முன்பே பிரெஞ்சுத் தூதரகத்தின் விசா பகுதியில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் கார். கடற்கரை ஊர்களுக்கிடையே பேருந்து ஓடுகிறது, ஆனால் விடிகாலையில் மலை விளிம்புக்குக் கொண்டுபோய் விட அது உதவாது. வாடகைக் கார் எடுப்பதுதான் வழி. அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாளைக் கடற்கரைச் சாலையிலேயே ஓட்டிப் பழகச் செலவிடுங்கள். இறங்கிய மறுநாளே மலை வளைவுகளில் ஏறுவது நல்லதல்ல. கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வழிப்பலகைகள் எல்லாம் பிரெஞ்சில். எழுத்து ஒருவிதம், உச்சரிப்பு வேறுவிதம். இடங்களை முன்னாலேயே கைப்பேசி வரைபடத்தில் குறித்து, இணையம் இல்லாமலும் திறக்கும்படி பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. மலைப்பகுதிகளில் சிக்னல் வந்து வந்து போகும்.

எங்கே தங்குவது

ஒரே விடுதியில் எல்லா இரவும் தங்குவது வசதிதான், ஆனால் காட்சிமுனைகளுக்கு அது சரிப்படாது. மூன்று இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாயிதோ காட்சிமுனைக்காக மேற்குக் கரையில் சேன் போல் அல்லது சேன் ழில் பக்கம் இரண்டு இரவு. எரிமலைக்காக ப்ளேன் தே காஃப்ர் மேட்டுநிலத்தில், பூர் மூரா ஊரிலோ அதன் அருகிலோ ஒன்றிரண்டு இரவு. சிலாவோஸ் ஊருக்குள் ஓர் இரவு, முடிந்தால் சலாசி சிர்க்கின் எல்பூர் ஊரில் ஓர் இரவு. ஒரு காலைக்கு ஒரு பெரிய காட்சிமுனை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டைச் சேர்த்தால் இரண்டாவது கட்டாயம் மேகத்துக்குள் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு காலையைத் திட்டமில்லாமல் காலியாக விட்டு வையுங்கள். ஏதோ ஓர் இடம் முதல் முயற்சியில் மூடியிருக்கும், அதற்கு இரண்டாம் முறை போக அந்தக் காலை உதவும்.

முதல் காலை: மாயிதோ

மாஃபாத் சிர்க்கின் மேற்கு விளிம்பில், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மாயிதோ. கடற்கரையிலிருந்து கரும்புத் தோட்டங்களையும் புல்வெளிகளையும் காட்டையும் தாண்டி ஒரு மணி நேரம்போல ஏற வேண்டும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து விளிம்புவரை சில நிமிட நடைதான். வயதானவர்களும் குழந்தைகளும் சிரமமில்லாமல் வரலாம். அதனால்தான் முதல் காட்சிமுனையாக இதைச் சொல்கிறேன்.

கீழே தெரியும் மாஃபாத்துக்குச் சாலை கிடையாது. அங்கே சில நூறு பேர் சிறு சிறு குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். உள்ளே போக வேண்டுமானால் நடந்துதான் போக வேண்டும், சரக்கு ஹெலிகாப்டரில் போகிறது. அடிமைக் காலத்தில் தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் ஒளிந்து வாழ்ந்த பள்ளம் இது. மாஃபாத் என்பதும் அப்படித் தப்பிய ஒருவரின் பெயர்தான். விளிம்பில் நிற்கும்போது செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே சின்னஞ்சிறு மேட்டுத் துண்டுகளும் அவற்றின் மேல் தகரக் கூரைகளும் தெரியும். கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. ரோஷ் ப்ளாத், லா நுவேல் என்று ஒவ்வொரு குடியிருப்பாகத் தேடிப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூடம் உண்டு, கடை உண்டு. அந்த வாழ்க்கையை மேலிருந்து பார்க்கும்போது மனசுக்குள் ஒரு மரியாதை வருகிறது.

நீங்கள் கிழக்கு நோக்கி நிற்பதால் சூரியன் எதிரே உள்ள மலைகளுக்குப் பின்னாலிருந்து வரும். உதய நேரத்தில் வானம் அழகாக இருக்கும், பள்ளம் இருட்டாக இருக்கும். பள்ளத்துக்குள் வெளிச்சம் இறங்க இன்னும் ஒரு மணி நேரம்போல ஆகும். புகைப்படத்துக்கு அந்த வெளிச்சம்தான் வேண்டும். ஆகவே உதயத்துக்கு வந்து, ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த காப்பியைக் குடித்தபடி காத்திருங்கள். விளிம்பையொட்டித் தெற்கே கிரான் பெனார் சிகரம்வரை போகும் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் கூட்டம் குறையும், கோணமும் மாறும்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். தீவு மக்களுக்கு ஞாயிறு என்றால் குடும்பத்தோடு வெளியே சமைத்துச் சாப்பிடும் நாள். மாயிதோ சாலை ஓரக் காடெல்லாம் நிறைந்துவிடும். 2010, 2011 ஆண்டுகளில் இந்தக் காட்டில் பெரும் தீ பரவியது. கருகிய மரங்கள் நெடுங்காலம் அப்படியே நின்றன. அனுமதித்த அடுப்பு மேடைகளைத் தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டாதீர்கள்.

எரிமலைக் காலை

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பூர் மூராவிலிருந்து எரிமலைக்கு வனத்துறைச் சாலை போகிறது. நிற்காமல் போனால் முக்கால் மணி நேரம். ஆனால் இந்தச் சாலையில் நிற்காமல் போகக் கூடாது.

முதல் நிறுத்தம் நே த பெஃப். சாலையோரத்திலேயே இருப்பதால் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ரிவியேர் தே ராம்பார் ஆற்றின் பள்ளத்தாக்கு உங்கள் காலடியில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் விழுகிறது. தெளிந்த நாளில் அடியில் ஒரு சிற்றூரும், தொலைவில் கடலும் தெரியும். போகும்போதே நின்றுவிடுங்கள். இந்தப் பள்ளத்தாக்கு சீக்கிரம் மேகத்தால் நிறைந்துவிடும். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது.

அடுத்து கொமர்சோன் எரிமலை வாய். சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதை, பாதுகாப்பு மேடை, கீழே ஆழமான குழி. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது இந்த இடத்தில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மூன்று நாள் மழையில் உலக சாதனை அது. புயல் காலத்தில் இங்கே ஏன் வரக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இன்னும் சற்று மேலே போனால் சாலை ஒரு விளிம்புக்கு வந்து, ப்ளேன் தே சாப்ல் சமவெளி திடீரென்று திறக்கும். புல் பூண்டு அரிதான, கருமையும் செம்மையும் கலந்த எரிமலைக் கற்துகள் வெளி. மேலே வண்டியை ஓரங்கட்டி இங்கே கட்டாயம் பத்து நிமிடம் நில்லுங்கள். தீவிலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்றால் இதைத்தான் சொல்வேன், எரிமலையைவிடவும். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மேட்டின் நிழலும் தனித்தனியாகத் தெரியும். வெயில் உச்சிக்குப் போனால் எல்லாம் தட்டையாகிவிடும். அப்புறம் சாலை கீழிறங்கி, குண்டும் குழியுமான மண்பாதையாக அந்தச் சமவெளியைக் கடக்கிறது. மெதுவாக ஓட்டினால் சாதாரணக் காரே போதும்.

சாலை முடியும் இடம் பா த பெல்கோம்ப், 2,311 மீட்டர். காட்சிமுனை வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே. கீழே என்க்ளோ ஃபூக்கே என்ற பரந்த எரிமலைத் தாழி, அதன் தரையில் ஃபோர்மிக்கா லேயோ என்ற சிறிய செந்நிறக் கூம்பு, அதற்கப்பால் பித்தோன் த லா ஃபூர்னேஸின் பெரிய முதுகு. சிலர் இங்கே ஏமாற்றமடைவார்கள். படங்களில் பார்த்த கூர்மையான சிகரமும் புகையும் இருக்கும் என்று நினைத்து வந்திருப்பார்கள். இந்த எரிமலையின் குழம்பு இளகியது, வழிந்து ஓடிப் பரவும். அதனால் மலை அகலமாக, தாழ்வாக வளர்ந்திருக்கிறது. உச்சியில் உள்ள தொலொமியூ வாய் இங்கிருந்து தெரியாது. 2007 ஏப்ரலில் நடந்த பெரிய வெடிப்பின்போது அந்த வாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்து விழுந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் தாழிக்குள் இறங்கி, வெள்ளைப் பெயின்ட் குறிகளைப் பின்தொடர்ந்து மேலே ஏற வேண்டும். போய்வர ஐந்தாறு மணி நேரம்.

அந்த ஏற்றத்துக்குப் போவதா வேண்டாமா? நடைப் பழக்கம் இருந்து, ஏழு மணிக்குள் இறங்க முடிந்தால் போங்கள். வழியில் தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். பனிமூட்டம் சூழ்ந்தால் எல்லாப் பக்கமும் ஒரே பாறை, திசை தெரியாது. குறியை விட்டு விலகவே கூடாது. அடுத்த குறி கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த குறியிலேயே நின்று காத்திருங்கள். இந்த நடை வேண்டாம் என்பவர்கள் படியிறங்கி ஃபோர்மிக்கா லேயோவரை மட்டும் போய்வரலாம். காலுக்கடியில் கயிறு முறுக்கிய மாதிரி உறைந்த லாவாவை அருகில் பார்க்க அது போதும். 1753 வெடிப்பில் உண்டான கூம்பு அது. திரும்பி ஏறும்போது படிகள் மூச்சு வாங்கும், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்ட் விடிகாலையில் இங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும். கீழே கடற்கரையில் அதே நேரம் அரைக்கைச் சட்டை போதும். தடித்த ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் வண்டியில் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மேல் அதே இடத்தில் வெயில் தோலைப் பொசுக்கும், சன்ஸ்கிரீனும் வேண்டும்.

திரும்பும்போது மதியத்தில் பூர் மூராவில் உள்ள எரிமலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். காலையில் பார்த்ததெல்லாம் ஏன் அப்படி இருக்கிறது என்பது அங்கே புரியும்.

மேகம் மூடிய நாளுக்கு: லாவாச் சாலை

தென்கிழக்குக் கரையில் சேந்த் ரோஸ் ஊருக்கும் சேன் ஃபிலிப்புக்கும் இடையே தேசியச் சாலை 2 எரிமலையின் கடல்பக்கச் சரிவைக் குறுக்கே கடக்கிறது. இங்கே மேகமோ தூறலோ பெரிதாகக் கெடுதல் செய்யாது. மலை மூடிய நாட்களுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையோரம் ஒவ்வொரு லாவா ஓட்டத்துக்கும் ஆண்டு எழுதிய பலகை இருக்கும். 2002, 2004, 2007 என்று படித்துக்கொண்டே போகலாம். பலகையைப் பார்க்காமலே வயதைக் கணிக்கவும் பழகலாம். புதிய ஓட்டம் வெறும் கறுப்பு. கொஞ்சம் பழையதில் சாம்பல் நிறப் பாசி படர்ந்திருக்கும். இன்னும் பழையதில் பெரணி, அப்புறம் செடி, மரம். 2007 ஓட்டம்தான் மிகப் பெரியது. பல ஆண்டுகளுக்குப் பின்னும் மழை பெய்தால் அதன் மேல் ஆவி எழுந்தது. ஓரத்தில் உள்ள மேடையில் நின்றால் மலையிலிருந்து கடல்வரை அந்தக் குழம்பு வந்த வழி முழுவதும் தெரியும்.

வடக்கே பித்தோன் சேந்த் ரோஸில் உள்ள மாதா கோயிலிலும் நில்லுங்கள். 1977 ஏப்ரலில் லாவா ஊருக்குள் புகுந்து, இந்தக் கோயிலைச் சுற்றி ஓடி, வாசலில் நின்றுவிட்டது. இன்றும் கட்டடத்தை ஒட்டி அந்தக் கறுப்புப் பாறை கிடக்கிறது. இது வழிபாட்டுத் தலம், அமைதியாகப் போய்வாருங்கள். இந்தக் கரையில் இன்னும் வடக்கே சேந்த் ஆந்த்ரே பக்கம் போனால் கோபுரங்களும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் எழுப்பிய கோயில்கள் அவை. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வீண்போகாது.

சேன் ஃபிலிப் பக்கத்தில் காப் மேஷான் பாறைமுனையும், 1986 லாவா கடலுக்குள் இறங்கித் தீவையே கொஞ்சம் பெரிதாக்கிய புவாந்த் த லா தாப்லும் இருக்கின்றன. தாழை இனத்து மரங்கள், கறுப்புப் பாறை, வெள்ளை நுரை. அலை எதிர்பாராத உயரத்துக்கு எழும். விளிம்பில் ஈரமாக இருக்கும் பாறை என்றால் அலை அங்கே வரை வருகிறது என்று பொருள், அதற்குப் பின்னாலேயே நின்றுகொள்ளுங்கள்.

சிலாவோஸ்: உள்ளே போவதா, வெளியிலிருந்து பார்ப்பதா

சேன் லூயியிலிருந்து சிலாவோஸுக்குப் போகும் சாலைக்கு நானூறு வளைவு என்று பேர். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சுரங்கங்கள் உண்டு. எதிரே பேருந்து வந்தால் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். குருட்டு வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டு போங்கள். பலத்த மழைக்குப் பின் பாறை சரிந்து சாலையை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் சாலை நிலவரம் பார்ப்பது அவசியம்.

ஓட்டத் தயக்கமாக இருந்தால் வெளியிலிருந்தே பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. லே மாக் ஊருக்கு மேலே ஃபெனேத்ர் தே மாக் என்ற காட்சிமுனையில், கிட்டத்தட்ட 1,600 மீட்டர் உயரத்தில் நின்றால் சிலாவோஸ் சிர்க் முழுவதும் எதிரே விரியும். எட்டு மணிக்குள் போய்விட வேண்டும்.

ஆனாலும் உள்ளே போய் ஓர் இரவு தங்குவதையே நான் சிபாரிசு செய்வேன். முந்தைய மதியமே ஏறிவிட்டால் மேகத்தைப் பற்றிக் கவலையில்லை. மறுநாள் விடிந்ததும் ஊரிலிருந்து கால் மணி நேரத்தில் ரோஷ் மெர்வெய்யூஸ் பாறைக்குப் போய், நாலு பக்கமும் மலைச்சுவர் சூழ ஊர் விழிப்பதைப் பார்க்கலாம். கடற்கரையிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்கு அந்த வெளிச்சம் கிடைக்காது.

சலாசியும் த்ரூ த ஃபேரும்

மூன்றில் பச்சையானது சலாசி, மழை அதிகம் என்பதால். உள்ளே போகும் சாலையிலிருந்தே அருவிகள் தெரியும். த்ரூ த ஃபேர் என்ற ஆழமான அருவிப் பள்ளத்தைப் பார்க்க பெலூவ் காட்டு வழியாகப் போக வேண்டும். ப்ளேன் தே பால்மிஸ்த் ஊரிலிருந்து பெலூவ் தங்குமிடம்வரை கார் போகும், அங்கிருந்து ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம்போல நடை. பாதை சேறும் வேருமாக இருக்கும், பலகை போட்ட இடங்கள் வழுக்கும், பிடிப்புள்ள ஷூ வேண்டும். இத்தனைக்கும் பிறகு மேடையில் நின்று மேகத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய. விடிகாலை நடக்கத் தயார் என்றால் மட்டும் போங்கள். இல்லையென்றால் பெலூவ் தங்குமிடத்துக்கு அருகே உள்ள காட்சிமுனையிலிருந்து கீழே எல்பூரையும் சலாசி சிர்க்கையும் பார்த்துவிட்டு வருவதே நிறைவாக இருக்கும்.

மாலை நேரக் கடலோரம்

மதியத் தூக்கம் போட்டு எழுந்து போகலாம். எத்தாங் சாலேயில் லெ கூஃப்ர் என்ற பாறைப் பிளவில் அலை மோதுவதைப் பார்க்கலாம். பெத்தித் ஈல் அருகே கிராந்த் ஆன்ஸ் குடாவின் மேல் உள்ள மேட்டிலிருந்து தென்கரை நீளமாகத் தெரியும். மேற்கே காப் லா ஊசே புல்மேட்டில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கரையிலிருந்தே திமிங்கலங்கள் தெரிய வாய்ப்புண்டு. சூரிய அஸ்தமனமும் அங்கேதான் நன்றாக இருக்கும். கடலைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். பவளத்திட்டு காக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பிலும் காவலுள்ள இடங்களிலும் மட்டுமே குளிக்கலாம். சுறா ஆபத்தால் மற்ற இடங்களில் தடை உண்டு.

எந்தக் காட்சிமுனையிலும் வண்டிக்குள் பை, கேமரா, கடவுச்சீட்டு எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தேசியப் பூங்காவின் உள்பகுதியில் அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிட முடியாது. அவசரத்துக்கு 112.

நீங்கள் போயிருக்கும்போது எரிமலை வெடித்தால்

நடக்கக்கூடியதுதான். 2023இல் ஜூலை தொடங்கி ஆகஸ்ட் வரை ஒரு வெடிப்பு நீடித்தது. அதிர்வும் தரை உப்பலும் கூடியதும் பூர் மூராவில் உள்ள எரிமலை ஆய்வகம் அறிவிக்கும், மாவட்ட நிர்வாகம் என்க்ளோ தாழிக்குள் இறங்கும் கதவை மூடிவிடும். மூடிய கதவைத் தாண்டி இறங்குவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. குழம்பு உச்சியில்தான் வரும் என்றில்லை, தாழித் தரையில் எங்கே வேண்டுமானாலும் பிளந்துகொண்டு வரலாம்.

பார்க்கும் இடம் பிளவு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. தெற்குப் பக்கம் என்றால் ப்ளேன் தே சாப்லிலிருந்து விளிம்போரமாக நடந்து பித்தோன் த பெர் முனைக்குப் போவார்கள். போகும் பாதை திறந்திருக்கிறதா என்று அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும். குழம்பு கீழே இறங்கினால் லாவாச் சாலையிலிருந்தே தெரியும். அந்தச் சமயத்தில் தீவே கிளம்பி வரும், சாலை மணிக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்குப் போனால் நெரிசலும் குறையும், இருட்டில் சிவப்பும் நன்றாகத் தெரியும். தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று, மாற்று பேட்டரி, மழைக்கோட்டு, தண்ணீர், சாப்பிட ஏதாவது. காற்று உங்கள் பக்கம் திரும்பிக் கந்தக நெடி தொண்டையைப் பிடித்தால் அங்கே நிற்காமல் புகை வராத பக்கமாக விலகிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் போகாமலிருப்பதே நல்லது.